கொடியிலிருந்து இறங்கவும்

இரண்டாம் மாடியில் வலது பக்கத்து வீட்டின் கதவுக்கு முன்னால் டைம்கீப்பர் நாலு நிமிடமாக நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதிலிருந்த வாக்கியத்தைப் பதினோரு முறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. பன்னிரண்டாவது முறை நடுவில் ஒரு வார்த்தை காணாமல் போயிற்று. மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

பஸ் டிப்போவில் எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. அதனால் ஆறு வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்திலும் அவருக்கு அதே பெயர்தான். போன வருஷம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு எல்லோரும் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார்கள். அவர் மட்டும் குறித்த நேரத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குற்றத்துக்காகச் செயலாளர் பதவியை அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

பதவியில் இதுவரை சோதனை எதுவும் வந்ததில்லை. போன வாரம்தான் புரோக்கர் வந்து, இரண்டாம் மாடிக்கு வெளி மாநிலத்திலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, தங்கமான மனுஷர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் போனை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு லாரி வந்தது. அதன் பக்கவாட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. நடுத்தர வயதில் ஒரு கணவன், மனைவி, நாற்பது அட்டைப்பெட்டி. அவ்வளவுதான் குடும்பம்.

எதிர் வீட்டுக் கணக்கு டீச்சர் அன்று சாயங்காலமே தகவல் சேகரித்துவிட்டார். புது வீட்டுக்காரர் அரை மணி நேரம் போனில் பேசினாராம். சுவரில் காதை வைத்துக் கேட்டும் ஒரு வார்த்தை பிடிபடவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை தகராறு ஆரம்பித்தது. மொட்டைமாடியில் துணி காயப்போட நாலு கொடிகள். மூன்றாவது கொடி செவ்வாய்க்கிழமைகளில் டீச்சருடையது. கட்டடம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். அந்தக் கொடியில் புது வீட்டுக்காரர்களின் மெத்தை விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

டீச்சர் நேராக டைம்கீப்பர் வீட்டுக்கு வந்தார்.

"எனக்கு யார் மேலயும் விரோதம் இல்லை சார். ஆனா இன்னைக்கு கொடி, நாளைக்கு மாடி. அப்புறம் நாம இங்க அவங்க கிட்ட கேட்டுட்டுத்தான் மூச்சு விடணும். நீங்க போய்ச் சொல்லிடுங்க."

"அவங்களுக்கு நம்ம பாஷை தெரியாதே டீச்சர்."

"அதுக்குத்தானே செயலாளர்னு ஒருத்தரை வெச்சிருக்கோம்."

டைம்கீப்பர் ராத்திரி முழுக்க யோசித்தார். விடிந்ததும் டிப்போவில் ஒரு பழைய கண்டக்டரைப் பிடித்தார். அவர் பதினோரு வருஷம் அந்த மாநிலத்துக்குப் போகும் வண்டியில் வேலை பார்த்தவர். அந்தப் பாஷை தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லி, டிக்கெட் தாளின் பின்புறத்திலேயே ஒரு வாக்கியத்தை நம் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டுத்தான் இப்போது டைம்கீப்பர் கையில் இருந்தது.

கதவு தானாகத் திறந்தது. புது வீட்டுக்காரர் எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தார். எதிரில் ஆளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டைம்கீப்பர் விட்டுவிடவில்லை. விட்டால் வாக்கியம் மறந்துவிடும். கடகடவென்று ஒப்பித்து முடித்தார்.

அந்த மனிதரின் சிரிப்பு மெல்ல இறங்கியது. உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு அதே பாஷையில், நிறுத்தி நிறுத்தி, என்னவோ சொன்னார். டைம்கீப்பர் மூன்று முறை தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். காரியம் முடிந்தது என்று அவருக்குத் திருப்தி.

மறுநாள் சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் கீழேயிருந்து சத்தம் போட்டார். அவர் தரைத்தளத்துக்காரர். அவருடைய ஸ்கூட்டர் நிற்கும் முற்றத்தில், ஜன்னல் கம்பிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே புதுக் கயிறு கட்டியிருந்தது. அதில் துணி. கயிறு போதாமல் மீதித் துணி ஸ்கூட்டர் மேல்.

"ஸ்கூட்டருக்கு ரெண்டு கையிலயும் சட்டை மாட்டி விட்டிருக்காங்க சார். நான் இதை ஓட்டறதா, ஆபீசுக்கு அனுப்பறதா?"

டைம்கீப்பருக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் கண்டக்டரிடம் போய், அந்த வாக்கியத்துக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டார்.

"'தயவுசெய்து கொடியிலிருந்து இறங்கவும்'. மரியாதையாத்தானே அண்ணே எழுதியிருக்கேன்?"

"செவ்வாய்க்கிழமை துணியை எடுத்துடுங்கன்னு இல்ல சொல்லச் சொன்னேன்?"

"எடுக்கறதுக்கு எனக்கு வார்த்தை தெரியாது. எங்க வண்டியில யாரும் எதையும் எடுக்கக் கூடாது. ஏறணும், உள்ள நகரணும், இறங்கணும். பதினோரு வருஷமா இந்த மூணுலயே காலத்தை ஓட்டிட்டேன்."

வாயால் சொன்னால்தான் தப்பு வருகிறது, எழுதி ஒட்டிவிடலாம் என்று டைம்கீப்பர் முடிவு செய்தார். படிக்கட்டுக்குக் கீழே ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. அதில் மோட்டார் போடும் நேரம், குப்பை எடுக்கும் நேரம், கொடி முறை என்று அவரே எழுதி ஒட்டிய காகிதங்கள் வரிசையாக இருந்தன. புதியவர்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று அத்தனையையும் கிழித்துப் பலகையைச் சுத்தம் செய்தார். கண்டக்டர் அந்த எழுத்திலேயே வரைந்து கொடுத்த பெரிய காகிதத்தை நடுவில் ஒட்டினார். அங்கே ஏதோ ஒரு பஸ் நிலையத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான அறிவிப்பாம். இது வண்டி நிற்கும் இடம், வேறு யாரும் நிற்கக் கூடாது.

அது வேலை செய்தது. துணி காணாமல் போயிற்று, கயிறும் போயிற்று. கூடவே புது வீட்டுக்காரர்கள் முற்றத்தில் நிற்பதையும் விட்டுவிட்டார்கள். வாசல் கேட்டைத் திறந்தால் படிக்கட்டுவரை ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். யாராவது எதிரே வந்தாலும் நிற்பதில்லை.

"பாத்தீங்களா திமிரை? முகம் குடுக்க மாட்டேங்கறாங்க" என்றார் டீச்சர்.

முகம் கொடுப்பதில் டீச்சரும் ஒன்றும் தாராளம் இல்லை. அவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டால், மாடி வளைவில் நின்று பேசிக்கொண்டிருக்கும் எல்லோருமே வாயை மூடிக்கொள்வார்கள். தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம். தவிர, பெரும்பாலும் அவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை டைம்கீப்பர் வீட்டுக் கதவுக்கு அடியில் ஒரு கடிதம் கிடந்தது. இரண்டு பக்கம். அழகான கையெழுத்து. அந்த எழுத்து.

அன்று மாலை டைம்கீப்பர் வீட்டுக் கூடத்தில் கூட்டம் கூடியது. இந்த முறை எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் தன் கைபேசியால் கடிதத்தைப் படமெடுத்து மொழிபெயர்க்கச் சொன்னார். அது வெகுநேரம் சுற்றிவிட்டு, "வாத்துகள் குளிர்ந்தன" என்றது. இன்னொரு முறை கேட்டதற்கு வாத்துகளையும் எடுத்துவிட்டது. கடைசியில் கண்டக்டரை வரவழைத்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"கூட்டெழுத்தா இருக்கு. எனக்குத் தெரிஞ்ச வார்த்தை மட்டும் சொல்றேன். இது 'மன்னிக்கவும்'. இது 'இருபது'. டிக்கெட்ல போட்டுப் போட்டுப் பழக்கம், நம்பர் தப்பாது."

"அப்புறம்?" என்றார் டீச்சர்.

"'திரும்பி'. இது 'வருவது'. அப்புறம் 'சொந்தக்காரர்'னு நினைக்கறேன், இல்லைன்னா வெறும் 'சொந்த'. இங்க மறுபடியும் ஒரு 'மன்னிக்கவும்'."

டீச்சர்தான் கணக்கைப் போட்டார்.

"சொந்தக்காரங்க இருபது பேர் வரப் போறாங்க. அதுக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேக்கறாங்க."

இரண்டு அறை வீட்டில் இருபது பேர். மோட்டார் தாங்குமா, கழிவு நீர்க்குழாய் தாங்குமா, நாலு கொடி எந்த மூலைக்கு என்று ஆளுக்கு ஒரு பக்கம் கேட்க ஆரம்பித்தார்கள். நீ ஒரு வார்த்தை, நான் ஒரு வார்த்தை என்று அங்கேயே ஒரு மனு தயாரானது. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கு. நிரந்தரமாகக் குடியிருப்பவர்களின் அமைதி கருதி அந்தக் குடும்பத்தை உடனடியாகக் காலி செய்யச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளும் மனு. கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அனுப்பும் பொறுப்பைச் செயலாளரிடம் விட்டார்கள்.

டைம்கீப்பர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் தபாலில் சேர்க்கத்தான் எடுத்துப் போனார். தபால் பெட்டியின் முன்னால் நின்றபோது, அன்றைக்குக் கதவைத் திறந்த அந்த மனிதரின் முகத்தில் சிரிப்பு இறங்கிய விதம் ஞாபகம் வந்தது. தன் பதிவேட்டில் ஒரு வண்டி தாமதம் என்று எழுதும்போதுகூட அவர் டிரைவரிடம் ஒரு வார்த்தை காரணம் கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். இவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மனு பையிலேயே வீடு திரும்பியது.

இருபது பேர் வந்தாலும் வரட்டும், முதலில் பழகிவிட்டால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது. பழகுவதற்கு என்ன வேண்டும்? பாஷை. கண்டக்டரை உட்கார வைத்து, பஸ் சம்பந்தமே இல்லாத ஐந்து வாக்கியங்களை வடிகட்டி எடுத்தார். வாங்க. சௌக்கியமா. சாப்பிட்டீங்களா. வெயில் அதிகம். அப்புறம் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தாரை உட்கார வைத்து ஒவ்வொருவரையும் பத்து முறை சொல்ல வைத்தார். மருந்துக்கடைக்காரர் முதலில் முரண்டு பிடித்தார். நம் இடத்தில் நாம் ஏன் அவர்கள் பாஷையைப் பேச வேண்டும் என்று கேட்டார். ஆனால் அவருக்குத்தான் உச்சரிப்பு நன்றாக வந்தது. அது தெரிந்த பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

அடுத்த மூன்று நாளும் படிக்கட்டில் அந்தப் பாஷைதான். புது வீட்டுக்காரர் காலையில் இறங்கினால் முதல் மாடியில் "சௌக்கியமா", தரைத்தளத்தில் "வெயில் அதிகம்". அந்த அம்மா காய் வாங்கிக்கொண்டு வந்தால் டீச்சர் கதவைத் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு "சாப்பிட்டீங்களா" என்பார். அவர்களும் ஒவ்வொருவருக்கும் நின்று நிதானமாக அதே பாஷையில் பதில் சொன்னார்கள். யாருக்கும் எதுவும் விளங்காது. தலையை ஆட்டிவிட்டு, "அப்புறம் பார்க்கலாம்" என்று முடித்துக்கொள்வார்கள்.

இத்தனை உபசாரத்துக்கும் அவர்கள் முகம் நாளுக்கு நாள் வாடிக்கொண்டே போனது. புதன்கிழமை அந்த அம்மா படிக்கட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை டைம்கீப்பரின் மனைவி பார்த்துவிட்டாள். அவளுக்கு இந்த வாக்கிய வியாபாரத்தில் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை கிடையாது. மனுவிலும் அவள் கையெழுத்துப் போடவில்லை.

"நான் போய்ப் பாத்துட்டு வரேங்க" என்றாள்.

"அஞ்சு வாக்கியத்தையும் ஒருதடவை சொல்லிப் பாத்துட்டுப் போயேன்."

"ஒண்ணும் வேண்டாம். நீங்க சொல்லித்தான் அவங்க துணியோட தெருவுக்கு வந்தாங்க. நான் வாயையே திறக்கப் போறதில்லை."

நாலு வாழைப்பழத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு போனவள், முப்பத்தைந்து நிமிடம் கழித்து வந்தாள். டைம்கீப்பர் மணி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வந்தவளுக்குக் கண் கலங்கியிருந்தது. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். இவள் பழத்தைக் காட்ட, அவள் நாற்காலியைக் காட்ட, இவள் மூக்குத்தியை அவள் தொட்டுப் பார்க்க, அவள் அலமாரியிலிருந்த கல்யாணப் போட்டோவை இவள் பார்க்க, அப்படியே நேரம் போய்விட்டதாம்.

"கூடப் பிறந்தவ கிட்ட உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சுங்க. கடைசியில என்னமோ சொல்ல வந்தா. தன்னோட காதைத் தொட்டுக் காட்டினா. அப்புறம் நம்ம எல்லார் வீட்டுப் பக்கமும் கையைக் காட்டினா. இல்லைன்னு தலையாட்டிட்டு அழுதுட்டா."

டைம்கீப்பர் யோசித்தார். காது. எல்லா வீடும். இல்லை.

"காது வலியா இருக்கும். இத்தனை வீடு இருந்தும் ஒரு மருந்து குடுக்க ஆள் இல்லையேன்னு சொல்றாங்க."

சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. உடனே கீழே போய் மருந்துக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். மனிதர் என்னதான் கோபக்காரராக இருந்தாலும் நோய் என்றால் இரங்குகிறவர். கடைக்குப் போய்க் காதில் விடும் சொட்டு மருந்தோடு வந்து, தானே மாடியேறினார். கதவைத் திறந்த கணவரின் முன்னால் தலையைச் சாய்த்து, காதுக்குள் மூன்று சொட்டு விடுவதுபோல் நடித்துக் காட்டினார். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று சூரியனையும் வரைந்து காட்டினார். போகும்போது "வெயில் அதிகம்" என்று சொல்லத் தவறவில்லை.

அந்தக் கணவர் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்ததாக டீச்சர் பின்னால் சொன்னார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு லாரி வந்து நின்றது.

இருபது பேரும் வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். டீச்சர் மோட்டார் சுவிட்சைப் பாதுகாக்க ஓடினார். ஆனால் லாரி காலியாக வந்திருந்தது. சாமான்கள் மேலேயிருந்து கீழே இறங்கின. அதே நாற்பது பெட்டி. சிலவற்றில் ஒட்டிய நாடாவைக்கூட அவர்கள் பிரித்திருக்கவில்லை.

கட்டடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக முற்றத்துக்கு வந்தார்கள். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் யார் முகத்திலும் அந்தக் களை இல்லை. டீச்சர் டைம்கீப்பர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"மனுவை அனுப்பிட்டீங்களா சார்?"

டைம்கீப்பர் சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்துக் காட்டினார். மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது.

"அப்ப ஏன் போறாங்க?"

"அதான் எனக்கும் புரியலை டீச்சர்."

டீச்சர் மொட்டைமாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, செவ்வாய்க்கிழமை கொடியை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கத் தயார், அதை அவர்களிடம் எப்படியாவது சொல்ல முடியுமா என்று கேட்டார். டைம்கீப்பரிடம் அதற்கு வாக்கியம் இல்லை. கண்டக்டருக்கு வாரத்தில் அன்றுதான் நீண்ட தூரப் பயணம்.

கணவனும் மனைவியும் கைப்பையோடு இறங்கி வந்தார்கள். அந்த அம்மா டைம்கீப்பரின் மனைவியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஓசையில்லாமல் அழுதார்கள். கணவர் ஒவ்வொருவராகக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். டைம்கீப்பர் தனக்குத் தெரிந்த ஐந்தில் இடத்துக்குப் பொருத்தமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "அப்புறம் பார்க்கலாம்" என்றார். அந்த மனிதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதே பாஷையில், ஒவ்வொரு வார்த்தையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் என்னவோ சொன்னார். பிறகு இருவரும் தெருமுனைவரை நடந்துபோய் ஒரு ஆட்டோவில் ஏறினார்கள்.

லாரியில் கடைசிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த சுமைக்காரர் ஒருவர் வண்டியிலிருந்து குதித்தார். டைம்கீப்பர் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார். சுமைக்காரர் அவரைப் பார்த்து இரண்டு கையையும் வீசி, தொண்டை கிழியும் சத்தத்தில், "வண்டி... நகரும்... தள்ளி... நில்லுங்க" என்று ஒவ்வொரு வார்த்தையாகப் பிய்த்துப் பிய்த்துச் சொன்னார்.

"மெதுவா சொன்னாலே எனக்குப் புரியும்பா, எதுக்குக் கத்தறே?" என்றபடி டைம்கீப்பர் தள்ளி நின்றார். "ஆமா, அவங்க ஏன் வந்த மூணு வாரத்துல காலி பண்றாங்க? உன்கிட்டயாவது ஏதாவது சொன்னாங்களா?"

சுமைக்காரர் கயிற்றை விட்டுவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், நம்ம பாஷையை இவ்வளவு நல்லாப் பேசறீங்க? இருபது வருஷம் கழிச்சு சொந்த ஊருக்கு வந்து நம்ம ஜனங்களோட நம்ம பாஷையில நாலு வார்த்தை பேசலாம்னு பாத்தா, இந்தக் கட்டடம் பூராவும் வெளி மாநிலத்துக்காரங்களே குடியேறி உக்காந்திருக்காங்கன்னு சொல்லித்தானே அவங்க காலி பண்ணிட்டுப் போறாங்க."